ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? இந்த எக்ஸ்ரே மிஸ்ஸி சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் ஒரு தம்பி ஒருநாள் கையைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்தார். வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடம் சிவந்து வீங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் முள் குத்தியிருக்கிறது. இழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். அதற்குள் இரண்டு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க மிஸ்ஸி. அப்புறம் ஏன் இப்படி வலிக்குது?" என்றார்.

அவர் கையிலிருந்த சீட்டில் மூன்றாவது முறையாக எக்ஸ்ரே என்றே எழுதியிருந்தது. நான் படம் எடுக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, "இது செம்பனை முள், அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பார்த்தார்கள். திரையில் வெள்ளையாக ஒரு கீற்று, அதைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம். ஒரு சென்டிமீட்டர் நீள முள் முனை உள்ளேயே ஒடிந்து கிடந்தது. முள்ளும் மரத்துண்டும் எக்ஸ்ரேயில் சதையோடு சதையாகக் கரைந்து போய்விடும், பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும். முதல் இரண்டு எக்ஸ்ரேயும் பொய் சொல்லவில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கின்றன. முள் இருக்கிறதா என்று யாரும் அவற்றிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். முப்பது ஆண்டுகள் எக்ஸ்ரே வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் சந்தையில் பார்ப்பவர்கள் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "மிஸ்ஸி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் படம் எடுக்கப் போகும் முன்னும் பின்னும் நீங்கள் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன. அதை நான் சொல்லலாம்.

முதல் வேலை, டாக்டர் அறையிலிருந்து எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்பது: "டாக்டர், இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள்?" மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட்டதில்லை. அவர் "கல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்" என்றால், கல் இல்லை என்று வந்தால் அடுத்து என்ன என்பதையும் கேட்டு வையுங்கள். அப்புறம், உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை நீங்கள்தான் சொல்லவேண்டும். முள் குத்தியது, மரத்திலிருந்து விழுந்தது, போன வருடம் வேறு ஆஸ்பத்திரியில் இதே இடத்தைப் படம் எடுத்தது. சீட்டில் வெறுமனே "கை வலி" என்று இருந்தால் நாங்கள் கையைப் படம் எடுப்போம், அவ்வளவுதான்.

எந்த மெஷின் எதைப் பார்க்கும்

எக்ஸ்ரே ஒரு நிழல். கதிர் உடம்பில் புகுந்து வெளியே வரும்போது எலும்பு தடுக்கும், காற்று விட்டுவிடும். அதனால் எலும்பு வெள்ளை, நுரையீரல் கருப்பு. ஜெர்மனியில் வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் இதைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பும் அதில் தொங்கும் மோதிரமும் அந்தப் படத்தில் தெரியும். எலும்பு முறிவுக்கும், காசநோய் சந்தேகத்துக்கும், நிமோனியாவுக்கும் இன்றும் இதுதான் முதல் படம். சளிப் பரிசோதனையோடு சேர்த்து மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தட்டாமல் போங்கள். காசநோய் மருந்தில் குணமாகிற நோய்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது. ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிறார்கள். பித்தப்பை, கல்லீரல், சிறுநீரகம், கருப்பை, வயிற்றுப்பிள்ளை, தசைநார், முள். பித்தப்பை பார்க்கச் சொன்னால் குறைந்தது ஆறு மணி நேரம் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. "தே தாரிக் மட்டும்தான் குடிச்சேன்" என்பார்கள். அதிலும் பால் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, அதுவும் கூடாது. அடிவயிறு பார்ப்பதற்கு இது நேர் எதிர். தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரவேண்டும்.

சிடி ஸ்கேன் எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றி எடுத்து, உடம்பை ரொட்டித் துண்டு போல வெட்டிக் காட்டும். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலையைப் படம் எடுத்தார்கள். செய்தவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர், 1979இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். இதில் ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்காதீர்கள், தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள். 999க்குப் போன் போடுங்கள். ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சிடி எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் அதைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். வெடிப்பு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும். அதனால் டாக்டர் முதலில் கேட்பது, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" அந்த மணியை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, காந்தம். நம் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது, அது காந்தத்தில் அடங்கி ரேடியோ அலைக்குப் பதில் சொல்கிறது. மூளை, முதுகுத்தண்டு, முட்டி ஜவ்வு என்று மென்மையான பாகங்களுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பெட் ஸ்கேன் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க. அதற்கு அனுப்பினால் சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சும்மா இருந்தாலே வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்குகிறோம். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம், பயப்பட ஒன்றும் இல்லை. வயிற்றுச் சிடி ஏறக்குறைய 8 மில்லிசீவர்ட், அதாவது மூன்று வருடத்துக்கு மேல். தேவை என்றால் எடுக்கத்தான் வேண்டும். "எதுக்கும் ஒரு சிடி போட்டுப் பார்த்துடலாம்" என்று நாமே கேட்டு வாங்குவது மட்டும் வேண்டாம். மாதவிடாய் ஒருநாள் தள்ளிப்போயிருந்தாலும் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று சொல்லாமல் இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உள்ளே தனியாக அழைத்துக் கேட்போம்.

கழற்ற வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

ரவிக்கையில் ஊக்கு, கொண்டை ஊசி, தாயத்து, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளி. எக்ஸ்ரேயில் இவை வெள்ளையாக விழுந்து பின்னால் இருப்பதை மறைத்துவிடும். எம்ஆர்ஐயில் விஷயமே வேறு. அங்கே இருக்கும் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்கு வலுவுள்ளது. படம் எடுக்காதபோதும் அது ஓடிக்கொண்டே இருக்கும், இரவிலும்தான். சாதாரணச் சக்கர நாற்காலியையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் அப்படியே உள்ளே இழுத்துவிடும். அதனால் வாசலில் நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

ஆலையில் வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர்கள், எத்தனை வருடத்துக்கு முன்னால் செய்திருந்தாலும், அதைச் சொல்லியே ஆகவேண்டும். கண்ணுக்குள் ஒரு பொடி இரும்பு தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துக் கண்ணையே கெடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

இன்னொன்று, நம் நாட்டுப் பக்கம் உள்ள விஷயம். அழகுக்கோ வசியத்துக்கோ முகத்தில் சூசுக் என்ற உலோக ஊசிகளைத் தோலுக்கடியில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. தாடை எக்ஸ்ரேயில் மெல்லிய ஊசிகள் வரிசையாகத் தெரியும்போதுதான் எங்களுக்கே தெரியவரும். நாங்கள் யாரிடமும் சொல்லமாட்டோம், கேலி செய்யவும் மாட்டோம். காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தாலி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதற்காகவே படம் வேண்டாம் என்று திரும்பிப்போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு பெரியம்மா, கழுத்துத் தண்டு எம்ஆர்ஐ. "அவர் இருக்கும்போது இதைக் கழட்ட மாட்டேன்" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டாயப்படுத்தினால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான். அடுத்த முறை வரும்போது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வீட்டில் சாமி முன்னால் கணவர் கையாலேயே அதைக் கட்டிக்கொண்டு, பிறகு தங்கத்தைக் கழற்றிச் சாமி தட்டில் வைத்துவிட்டு வந்தார். மஞ்சளும் பருத்திக் கயிறும் காந்தத்துக்கு ஒன்றும் செய்யாது. அன்று முதல் எல்லாருக்கும் இதையே சொல்லி வந்தேன். வரும் முன்பே செய்துகொண்டு வாருங்கள், வாசலில் நின்று அழவேண்டாம்.

குழாய்க்குள் படுத்திருக்கும்போது

இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள், இருந்தாலும் தகரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல இருக்கும். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், முடியவில்லை என்றால் அழுத்துங்கள், வெளியே இழுத்துவிடுவார்கள். அசையாமல் இருக்கவேண்டும், அசைந்தால் படம் கலங்கிவிடும், மறுபடியும் எடுக்கவேண்டும்.

மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு, "கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் இரண்டு தடவை கடற்கரை பார்த்தவருக்கு அது எத்தனை நிமிடம் தாங்கும்? அந்தப் பெரியம்மாவிடம் நான் வேறு மாதிரி சொன்னேன். "உங்க நிரையில பால் வெட்டப் போங்க பெரியம்மா. முதல் மரத்துலருந்து ஆரம்பிங்க. கோட்டுப்பாலை உரிச்சிட்டு, பட்டையைச் சீவி, கோப்பையைச் சரி பண்ணிட்டு அடுத்த மரத்துக்குப் போங்க. எண்ணிக்கிட்டே போங்க." நாற்பது நிமிடம் அசையவே இல்லை. வெளியே இழுத்ததும் கண்ணைத் திறந்து, "அறுபத்தி மூணாவது மரம். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உங்கள் கால் அறிந்த ஓர் இடம், உங்கள் கை அறிந்த ஒரு வேலை. இட்லி மாவு அரைத்து, ஊற்றி, அவித்து எடுப்பதாக இருக்கலாம். அதை வரிசையாக, அவசரப்படாமல், மனக்கண்ணில் செய்யுங்கள். சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது. அது நோய் அல்ல, சிலர் பிறப்பிலேயே அப்படி. 1880இலேயே பிரான்சிஸ் கால்டன் என்பவர், காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் பார்க்கச் சொல்லிப் பலரைக் கேட்டு, இந்த வித்தியாசத்தை எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் மனப்பாடமான ஒரு பாட்டை மனதுக்குள் பாடுங்கள்.

"ஒன்றும் இல்லை" என்று வந்தால்

என் அம்மா எழுபத்து நான்கு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படத்தை நானும் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் அம்மா காலை ஊன்ற முடியாமல் முனகிக்கொண்டே இருந்தார், நானோ "நடந்து பாருங்கம்மா" என்று தூண்டிக்கொண்டே இருந்தேன். பிறகு வேறொரு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோது தொடை எலும்பின் கழுத்தில் ஒரு மயிரிழை விரிசல். அப்படிப்பட்ட விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, எனக்கும் அது தெரிந்ததுதான். படத்தை நம்பிய அளவுக்கு அம்மாவின் முனகலை நான் நம்பவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஆகவே வலி தொடர்ந்தால் திரும்பப் போங்கள். "படத்தில் இல்லை என்றீர்கள், ஆனால் இன்னும் கால் ஊன்ற முடியவில்லை" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பழைய படங்களை, குறுந்தட்டோ ஃபிலிமோ, எதுவானாலும் கொண்டு போங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் இருந்தால்தான் எது வளர்ந்திருக்கிறது என்று தெரியும். ஃபிலிமை மடிக்காமல், வெயில் படாமல், மெத்தைக்கு அடியில் தட்டையாக வையுங்கள்.

மனதைப் படம் எடுக்க முடியுமா?

பக்கத்துத் தோட்டத்துப் பையன், பத்தொன்பது வயது. ஆறு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, குளிப்பதில்லை, தூங்குவதில்லை. எங்கள் பக்கத்தில், மனநல ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொன்னாலே குடும்ப மானம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள், அதனால் அங்கே போகாமல் நகையை அடகு வைத்துத் தனியாரில் மூளை எம்ஆர்ஐ எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. அப்பா என்னிடம் வந்து, "மூளை நல்லாத்தான் இருக்காம். அப்ப இவன் நடிக்கிறான், அப்படித்தானே மிஸ்ஸி?" என்று கேட்டார்.

இல்லை. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ ஒரு ஆளின் ஸ்கேனைப் பார்த்துக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழி இல்லை. டாக்டர் உட்கார்ந்து பேசி, கேட்டு, கவனித்துத்தான் சொல்லமுடியும். மூளைப் படம் எதற்கு என்றால், மனநோய் போலத் தெரியும் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய: கட்டி, ரத்தக்கசிவு, பழைய பக்கவாதம். தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறினால், வலிப்பு வந்தால், வாந்தியோடு புதிதாகத் தலைவலி வந்தால், வயதான ஒருவருக்கு முதல் தடவையாகக் குரல்கள் கேட்டால், ஞாபகம் குறைந்துகொண்டே போனால், அப்போது படம் நிச்சயம் உதவும். படம் சுத்தம் என்றால் நடிப்பு என்று அர்த்தம் இல்லை. அந்த அப்பாவுக்கு இதை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் அழுதார். அடுத்த வாரம் பையனை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இப்போது அவன் டயர்க் கடையில் வேலை செய்கிறான்.

மூளை வேலை செய்வதையே காட்டும் எஃப்எம்ஆர்ஐ என்று ஒன்று ஆராய்ச்சியில் இருக்கிறது. செய்தித்தாளில் சிவப்பும் மஞ்சளுமாக வருமே, அதுதான். அது எண்ணத்தைப் படம் எடுப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பிராணவாயு நிறைந்த ரத்தம் கூடுதலாகப் போகும், அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு நிறம் பூசுகிறார்கள். கணக்கில் கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, 2009இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செத்த சால்மன் மீனை மெஷினில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் அந்த மீனின் மூளையும் வேலை செய்வதாகவே வந்தது. ஆகவே ஸ்கேனில் குணத்தைச் சொல்கிறேன், பிள்ளையின் அறிவைச் சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் அதே மெஷின் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. விபத்தில் அடிபட்டு, கண் திறந்திருந்தும் எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் மெஷினில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி வேலை செய்தது. "உன் வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்" என்றார்கள். வேறு பகுதி வேலை செய்தது, நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு வருவது போலவே. 2006இல் வெளியிட்டார்கள். பிறகு 2010இல் வந்த ஆய்வில், 54 பேரில் 5 பேர் இப்படி நினைத்துக் காட்டினார்கள், அதில் ஒருவர் ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று கேள்விகளுக்கே பதில் சொன்னார். படுக்கையில் கிடக்கும் உங்கள் ஆளுக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழில் ஸ்கேன் படத்துக்கும் படிமம் என்கிறோம், கவிதையில் வருவதற்கும் படிமம் என்கிறோம். மனநல சிகிச்சையில் மனதுக்குள் வரும் இந்தப் படிமமே மருந்தாகவும் பயன்படுகிறது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் தெருவில் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர், விபத்துக்குப் பிறகு இரவில் அலறி எழுவார். ஆலோசகர் சொல்லிக்கொடுத்ததை அவர் எனக்குக் காட்டினார். பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவை எழுதவேண்டும். ரொம்பக் கொடுமையானதில் தொடங்காமல், கொஞ்சம் தாங்கக்கூடிய கனவாக எடுத்துக்கொள்ளவேண்டும். பிறகு அதை நமக்கு விருப்பமானபடி மாற்றி எழுதவேண்டும். அவர் கனவில் லாரி பாலத்தில் நின்றுவிடும், இவர் இறங்கி, எதிரே இருக்கும் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவார். அந்தப் புதிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கவேண்டும், சில வாரங்களுக்கு. பழைய கனவைத் திரும்ப ஓட்டக்கூடாது. ஐந்தாவது வாரம் அவர் மனைவி எங்கள் வீட்டு வேலியில் நின்று, "நேத்து ராத்திரி முழுசாத் தூங்கினார் அக்கா" என்றார்.

அடி, பலாத்காரம், சாவு என்று பெரிய காயத்திலிருந்து வரும் கனவாக இருந்தால் தனியாக முயலவேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு ஐசியோடு (அடையாள அட்டை) போய், "தூக்கம் இல்லை, கெட்ட கனவு வருது, யாரிடமாவது பேசணும்" என்று சொன்னால் போதும், அங்கிருந்தே அனுப்பி வைப்பார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்குப் போன் போடுங்கள். கனவை எழுதிய தாளைக் கையோடு எடுத்துப் போங்கள், உள்ளே போனதும் வாய் வராமல் போனால் அதை நீட்டலாம்.